பாட்டன் பெயர் குடிப்பெயரான கதை

ஆங்கில நாட்டை 1485 முதல் 1603 வரை ஆண்ட அரச குலத்தை ரியூடர் குலம் என வரலாற்று நூல்கள் வழங்கும். எட்டாம் ஹென்றியையும் எலிசபெத்து அரசியையும் நம் மாணவர் நன்கறிவர். அக்குலத்துக்கு முதல்வனாகிய ஒவைனை அறிந்தார் சிலரே. ரியூடர் என்பது அவன் தந்தை பெயருமன்று என்பதை அறிந்தார் அவரினும் சிலர்.

வேல்ஸ் நாட்டின் வடமேற்கிலுள்ள ஆங்கிள்சித் தீவிலே, பென்மினித் என்னும் ஊருக்குரிய பழங்குடியொன்றில் 1400ஆம் ஆண்டளவில் ஒவைன் பிறந்தான். தந்தை மரெடித், பாட்டன் டுடுர். ஆகவே ஒவைன் அப் மரெடித் அப் டுடுர் என்பதே அவன் முழுப்பெயர். மகன் எனப் பொருள்படும் மாப் என்னும் வேல்ஸ் மொழிச்சொல் முதலொலி கெட்டு அப் என நின்றது. வருமொழி உயிரை முதலாக உடையதாயின் அதன் ஈற்றொலி மென்மையுறும். சாத்தன் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் எனப் புணர்வதைத் தொல்காப்பிய உரைகளிற் பயின்றோர்க்கு இது வியப்பளியாது.

இங்ஙனம் முன்னோரைத் தொடுத்துச் சொல்லுதல் வெறும் பெருமைக்காக எழுந்த வழக்கன்று. பழைய வேல்ஸ் சட்டப்படி தந்தையின் நிலம் மைந்தர் எல்லார்க்கும் பங்காகும். கொலைக்கு ஈடான பொருளைக் கிளைஞர் பலர் கூடி இறுத்தல் வேண்டும். தன் மரபைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துரைக்க வல்லானுக்கே உரிமை நிலைத்தது. பெயரே அவனுக்கு உறுதிச் சீட்டு.

ஒவைனுக்கோ பெயர் எஞ்சியது, நிலம் எஞ்சவில்லை. 1400இல் ஒவைன் கிளிந்தூர் ஆங்கிலவரசுக்கு எதிராகக் கிளர்ந்தபோது, அவனுக்குத் தாய்வழி உறவினராகிய டுடுரின் மைந்தர் அவன் பக்கம் நின்றனர். 1401இல், பெரிய வெள்ளியன்று, காவலர் கோயிலுக்குச் சென்றிருந்த வேளை பார்த்து, ரீஸ், குவிலிம் என்னும் சகோதரர் கொன்விக் கோட்டையைக் கைப்பற்றினர். கிளர்ச்சி தோற்றது. 1412இல் ரீஸ் கொலைத்தண்டம் பெற்றான். குடியின் காணிகள் பறிபோயின. வேல்ஸ் மக்கள் ஆங்கில நகரங்களில் நிலம் வாங்குதலும் பதவி வகித்தலும் ஆகாவெனச் சட்டமும் பிறந்தது.

அத்தகைய குடியில் வந்தவன், ஐந்தாம் ஹென்றியின் கைம்பெண்ணாகிய கதரின் அரசியை 1430ஆம் ஆண்டளவில் மறைவாக மணந்தான். நடனமாடுகையிற் கால் இடறி அவள் மடியில் வீழ்ந்தான் என்பன போன்ற கதைகள் பிற்காலத்தன, அவற்றை விடுக. மன்னன் இசைவின்றி அரசியை மணப்பவன் நிலபுலம் இழப்பான் எனச் சட்டம் அப்போது இருந்தது, மன்னனோ சிறுவன். நிலமே இல்லாதவனிடம் எதைப் பறிப்பது! 1432இற் பாராளுமன்றம் அவனுக்கு ஆங்கிலேயர்க்குள்ள உரிமைகளை அளித்தது. அவ்வேட்டில் அவன் மரெடித்தின் மகனாகவே குறிக்கப்பட்டான்.

தொடரை அறுத்து ஒரு பெயரை மட்டும் நிறுத்துவது ஆங்கில எழுத்தர் வழக்கம். மரெடித் என்பதில் நின்றிருந்தால் இன்று மரெடித் குலம் என்றே படித்திருப்போம். அவர்கள் ஈற்றிலிருந்த பாட்டன் பெயரைப் பற்றினர். டுடுர் ரியூடர் ஆயிற்று. அக்குல மன்னர் தாமே அப்பெயரை அரிதாகவே வழங்கினர். அதனைப் பரப்பியோர் பெரும்பாலும் பிற்கால ஆசிரியரே.

1437இற் கதரின் இறந்தாள். காப்பற்ற ஒவைன் நியூகேற் சிறையில் அடைக்கப்பட்டான், தப்பினான், மீண்டும் பிடிபட்டான், 1439இல் மன்னிப்புப் பெற்றான். அவன் மைந்தர் எட்மண்டும் ஜாஸ்பரும், தாய்வழித் தமையனாகிய ஆறாம் ஹென்றியால் உயர்நிலை எய்தினர். எட்மண்டின் மகன் ஹென்றி, தந்தை இறந்தபின், 1457 சனவரியிற் பெம்புறோக்குக் கோட்டையிற் பிறந்தான்.

1461 பெப்ரவரியில், அறுபது வயதளவில், மோட்டிமர் குறொஸ் போரில் ஒவைன் தோற்றுச் சிறைப்பட்டான். கோடரியையும் கட்டையையும் கண்டும் தன்னைக் கொல்வர் என அவன் நம்பவில்லையாம். சிவந்த சட்டையின் கழுத்துப் பட்டி கிழிக்கப்பட்டபோதே தெளிந்தானாம். ஹெரிபோட் சந்தைச் சிலுவையின் மேற்படியில் அவன் தலை வைக்கப்பட்டது. பித்துப்பிடித்தவள் எனப்பட்ட பெண்ணொருத்தி வந்து, முகத்துக் குருதியைக் கழுவி, தலைவாரி, சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட விளக்குகளை ஏற்றினாள் என அக்காலக் குறிப்பொன்று கூறும். அவள் யார் என்பதை அது கூறவில்லை.

அவன் பேரன் 1485இற் பொஸ்வேத் களத்தில் வென்று ஏழாம் ஹென்றியாயினான். அப்பேரனின் மகன் எட்டாம் ஹென்றி காலத்தில், 1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை ஆங்கில நாட்டோடு இணைத்து, நீதிமன்ற மொழி ஆங்கிலமே என விதித்தது. வழிவழிப் பெயர்த்தொடர் படிப்படியாக ஒழிந்தது. அப் ஹவெல் பவெல் ஆயிற்று. அப் ரீஸ் பிறைஸ். அப் ஹரி பரி. அப் ஒவைன் போவன். ஜோன் மகன் ஜோன்ஸ் ஆனான். அவன் மகனும் ஜோன்ஸ், பேரனும் ஜோன்ஸ். செல்வர் முந்தி மாறினர். எளியோருட் பலர் பதினெட்டாம் நூற்றாண்டிலும் பழைய முறையை விடவில்லை.

பென்மினித்திலே தங்கிய கிளையினரும் நிலையான குடிப்பெயரொன்று கொள்ள நேர்ந்தது. அவர்களும் அந்த டுடுரின் வழியினரே. டுடுர் என்பது மக்கட்டலைவன் எனப் பொருள்படும் பழஞ்சொல். அவர்கள் எழுதியதோ தியோடோர் என்று. அது இறைவன் கொடை எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர். ஒலியொப்புமை தவிர இரண்டிற்கும் தொடர்பே இல்லை.