ராஜரத்தினம் பிள்ளை: நாதஸ்வரத்தின் நீளத்தையே மாற்ற வைத்த மேதை! எப்படி நடந்தது?

ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம் பக்கம் வந்துவிடலாம். அங்கே ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் நரசிங்கம்பேட்டை. அரியலூர் பக்கத்து கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இன்னைக்கு நாம் பார்க்கும் நீளமான நாதஸ்வரம் உருவானது இந்த ஊரில்தான். அதற்குக் காரணம், திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

யார் இவர்?

1898 ஆகஸ்ட் 27-ல் திருமருகலில் பிறந்தவர். வளர்ந்தது திருவாவடுதுறையில், தாய்மாமன் வீட்டில். முதலில் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டார், பிறகுதான் நாதஸ்வரம். அதனால் குரலில் வரும் குழைவு குழலிலும் வரணும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்வானாக விளங்கிய இவரின் தோடி ராகம் ஊரெல்லாம் பிரபலம்.

பிரச்னை என்ன?

அப்போது புழக்கத்தில் இருந்தது 'திமிரி' நாதஸ்வரம். நீளம் குறைவு, சுருதி அதிகம். தெருவில் சுவாமி புறப்பாட்டுக்கு அது சரி. ஆனால் கச்சேரிக்கு ஒரு சிக்கல்: சுத்த மத்யமம் அதில் இயல்பாக வராது. உதட்டையும் மூச்சையும் அட்ஜஸ்ட் பண்ணித்தான் வரவழைக்கணும். தோடிக்கோ அந்த சுரம் இல்லாமல் வேலையே நடக்காது.

தீர்வு எப்படி வந்தது?

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியோடு சேர்ந்து இதற்கு வழி தேடினார் பிள்ளை. குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி ஆச்சாரி உருவாக்கியதுதான் 'பாரி' நாதஸ்வரம். நீளம் கூடியதால் சுருதி இறங்கியது. சுத்த மத்யமமும் தானாகவே பேசியது. விரல் வைக்க 7 துளைகள் போக, சுருதி சேர்க்க இன்னும் 5 துளைகள். இவற்றை மெழுகால் அடைத்து சுருதியை சரிசெய்வார்கள்.

மரத்தில்தான் ரகசியம்!

குழல் செய்வது ஆச்சா மரத்தில். புதுசா வெட்டிய மரம் ஆகாது; ஈரம் காயக் காய சுருங்கும், வெடிக்கும், சுருதி மாறும். அதனால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண் மாதிரி பல பத்தாண்டுகள் காய்ந்த மரத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் பழசுக்கு மவுசு உண்டு. 1958-ல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த இ.எஸ்.335, நடுவில் திடக்கட்டையும் இரண்டு பக்கமும் வெற்றிடமும் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டார். அந்தக் காலத்து கிட்டாருக்குப் புது பாலிஷ் போட்டால் பொதுவாக விலையே குறைந்துவிடும். பழைய பூச்சோடு இருப்பதற்குத்தான் மதிப்பு. அங்கே பழைய வாத்தியத்தை அப்படியே காப்பாற்றுகிறார்கள். இங்கே பழைய வீட்டின் தூண், புது வாத்தியமாகப் பிறக்கிறது.

மரியாதைக்கான போராட்டம்

எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் நாதஸ்வரக்காரர்கள் நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்கணும், மேல்துண்டை இடுப்பில் கட்டணும் என்று எதிர்பார்த்த காலம் அது. ராஜரத்தினம் அதற்குப் பணியவில்லை. மேடையில் உட்கார்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்தார். கிராப்பு வெட்டி, கோட்டும் ஷூவும் போட்டு வலம் வந்தார். வாசிப்பவருக்கும் மரியாதை வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம்.

1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் நாயகனாக நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 இரவு, டெல்லியில் நேருவிடம் திருவாவடுதுறை ஆதீனம் செங்கோல் வழங்கிய நிகழ்வில் ஒலித்தது இவரது நாதஸ்வரம்தான்.

1956 டிசம்பர் 12-ல், 58 வயதில் மறைந்தார். நிறைய சம்பாதித்தவர், ஆனால் சேர்த்து வைத்தது குறைவு.

இன்றைய நிலை?

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இந்தக் கைவேலையை நம்பி இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். அடுத்த முறை கல்யாண வீட்டில் தோடி கேட்டால், வாசிப்பவரின் கையில் இருக்கும் குழலையும் ஒருமுறை பாருங்கள். எங்கோ ஒரு பழைய வீட்டைத் தாங்கி நின்ற மரமாக அது இருக்கலாம்.