நூலகப் பெரியார் சீ. இரா. அரங்கநாதன்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும் காலத்தில் அதனைக் கட்டி வளர்த்தோரையும் அங்கே பாடம் புகட்டியோரையும் நினைவு கூர்தல் மரபு. ஆயின், பாடவேளை முடிந்து மணியடித்த பின்னர் மாணவன் தானாகவே கற்கத் தொடங்கும்போது அவனுக்குத் துணை நிற்பவர் எவர்? நூல்களைத் தேர்ந்து, ஒழுங்குபடுத்தி, வேண்டியவன் கையில் வேண்டிய பொழுதில் கொடுத்துதவும் நூலகரே அவர். அவரைப் பாடுவார் மிகச் சிலர். கணித ஆசிரியராயிருந்து, விருப்பமின்றியே அத்தொழிலை ஏற்று, பின்னர் உலகமெல்லாம் அதற்கு ஓர் இலக்கணத்தை வகுத்தளித்த தமிழர் ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோருட் பலர் தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலாய மாவட்டங்களிலிருந்து வந்தவராவர். அத்தஞ்சை மாவட்டத்தின்கண் அந்நாளில் அடங்கியிருந்த சீர்காழியிலே 1892 ஆம் ஆண்டு அரங்கநாதன் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியிலுள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்தரப் பாடசாலையிற் கல்வி பயின்று 1909 இல் மெட்ரிக்குலேசன் தேறினார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து, எட்வர்ட் ரோஸ் என்னும் பேராசிரியரின் அன்புக்குரிய மாணாக்கராகிக் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். இளமை முதல் அவருக்குத் திக்குவாய்க் குறை இருந்தது. அக்குறையோடு ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளத் துணிந்தமையும், விடாமுயற்சியால் அதனை அடக்கியமையும் அவருடைய மனவுறுதிக்குச் சான்றாகும்.

1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் ஆகிய நகரங்களிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் கணிதம் கற்பித்தார். மாணவர் தாமே நூல்களைத் தேடிப் படித்து வருதல் வேண்டுமென்பது அவருடைய கற்பித்தல் முறை. இந்நிலையிற் சென்னைப் பல்கலைக்கழகம் முழுநேர நூலகர் ஒருவரைத் தேடிற்று. நண்பர் தூண்டுதலால் விண்ணப்பித்த அரங்கநாதன் 1924 சனவரியில் அப்பதவியை ஏற்றார். அவ்வாண்டிலேதான் புகையிரதப் பாதை பதுளை வரை வந்து முடிந்தது என்பதை நம்மூரவர் நினைவிற் கொள்ளலாம்.

பதவியேற்ற சில நாட்களிலேயே அவருக்கு மனம் சலித்துவிட்டது. நூல்கள் இருந்தன, படிப்பாரைக் காணவில்லை. வகுப்பறையின் உயிர்த்துடிப்பிற் பழகியவருக்கு அம்மௌனம் பொறுத்தற்கரியதாயிற்று. மீண்டும் ஆசிரியப் பணிக்கே அனுப்புமாறு வேண்டி நின்றார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பெற்று வருமாறும், அதன் பின்னரும் மனம் மாறாவிடின் திரும்பி வரலாமென்றும் மேலோர் கூறி அனுப்பினர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் அவர் பயின்றார். அந்நாட்டின் நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளும் தொழிலாளரும் அங்கே உரிமையோடு நுழைந்து நூல்களை எடுத்துச் செல்வதைக் கண்டபோதுதான் அவர் உள்ளம் திரும்பியது. நூலகம் பண்டகசாலையன்று, அதுவும் ஒரு பள்ளிக்கூடமே என்பதை உணர்ந்தார். 1925 இல் சென்னைக்கு மீண்டவர் ஆசிரியப் பணிக்குத் திரும்புமாறு மறுமுறை கேட்கவில்லை.

அதன் பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அப்பல்கலைக்கழக நூலகமே அவருக்கு வீடாயிற்று. விடுமுறை என்பதை அவர் அறியார். வாசகர் தாமே தட்டுகளை அணுகி நூல்களைப் புரட்டிப் பார்க்க வழி செய்தார். தயங்கி நிற்பவரை அணுகி, அவர் தேடுவது யாதெனக் கேட்டறிந்து உதவும் பணியை நூலகரின் தலையாய கடமையாக்கினார். 1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு அவரே காரணராயிருந்தார். நூலகருக்குப் பயிற்சி வகுப்புகளையும் ஏற்படுத்தினார்.

1931 இல் அவருடைய நூலக விதிகள் ஐந்தும் நூல் வடிவில் வெளிவந்தன. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் எவராயினும் அவருக்கென ஒரு நூல் உண்டு என்பது இரண்டாவது. நூல் எதுவாயினும் அதற்கென ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் நாளும் வளரும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது. கேட்பதற்கு எளியவை, கடைப்பிடித்தற்கு அரியவை. இரண்டாவது விதியை விளக்குமிடத்து நாட்டுப்புறத்தார், மருத்துவமனையிற் கிடக்கும் நோயாளர், பார்வையற்றோர், எழுத்தறியாதோர் ஆகிய அனைவரையும் அவர் சேர்த்துக்கொண்டார். எழுத்தறியாதோர்க்கு நூலைப் படித்துக் காட்டுதலும் நூலகத்தின் பணியே எனக் கொண்டார். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் நூல்களைச் சுமந்த மாட்டுவண்டி யொன்று கிராமந்தோறும் சென்று வரலாயிற்று. அதனை நடத்தியவர் கனகசபைப் பிள்ளை. வாசகர் நூலிடம் வர இயலாவிடின் நூல் வாசகரிடம் செல்லுதல் வேண்டும் என்பதற்கு அவ்வண்டி கண்கண்ட சான்றாயிற்று.

1933 இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அவருடைய கணித அறிவின் கனியாகும். இலண்டன் கடையொன்றிற் கண்ட விளையாட்டுப் பொருளே அதற்கு வித்து. சிறு சிறு இரும்புத் துண்டுகளைத் திருகாணியாற் பிணைத்துச் சிறுவர் வெவ்வேறு உருவங்களைச் செய்வதைப் போலவே, சிறு சிறு கருத்துகளைக் குறியீடுகளாற் பிணைத்து எந்தப் பொருளையும் குறித்துவிடலாம் என்று அவர் கண்டார். எடுத்துக்காட்டொன்று கூறுவோம். மருத்துவத்திற்கு ஆங்கில எழுத்தாகிய 'எல்' குறியீடு. அதனோடு நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ் கதிருக்கு 253, இந்தியாவுக்கு 44 எனச் சேர்த்துக்கொண்டே போகலாம். இந்தியாவில் நுரையீரற் காசநோயை எக்ஸ் கதிராற் குணப்படுத்துவது பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை எந்தத் தட்டில் எந்த இடத்தில் இருத்தல் வேண்டுமென்பது அப்போது ஐயமின்றித் தெரியும். மருத்துவர் அதனை நொடியில் எடுத்துக்கொள்ளலாம். நோயாளியின் உயிர் சில வேளைகளில் அந்நொடியையே நம்பியிருக்கும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

அம்முறையிலே கணிதத்திற்கு 'பி' என்னும் எழுத்தும், அதனோடு 9 சேர்ந்தால் வானியலும் ஆகும். 1957 இல் முதற் செயற்கைத் துணைக்கோள் விண்ணில் ஏறியது. 1969 இல் மனிதன் சந்திரனில் அடிவைத்தான். இவ்விரண்டும் அவர் வாழ்நாளிலேயே நிகழ்ந்தன. இத்தகைய புத்தறிவு பெருகுந்தோறும் பழைய பட்டியல்களில் இடம் போதாமல் நூலகர் திகைத்தனர். அறிவு இன்னும் பெருகும் என்பதை முன்னரே எதிர்பார்த்து அமைத்தமையே அரங்கநாதன் முறையின் சிறப்பு. புதிய கருத்துப் பிறந்தால், உள்ளதைக் கலைக்காமல் அதனைப் பிணைத்துக்கொள்ளலாம்.

1945 இல் அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டார். அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைப் பகுத்து ஒழுங்கு செய்தார். 1947 முதல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். அவர் இடையறாது முயன்றமையாற் சென்னை மாகாணத்தில் 1948 இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. பிற்காலத்தில் தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, மனைவியார் சாரதையின் பெயரால் நூலகவியற் பேராசிரியப் பதவியொன்று அமையச் செய்தார். 1962 இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். 1965 இல் இந்திய அரசு அவரைத் தேசியப் பேராசிரியராக்கியது. 1972 செப்டெம்பரில் தம் 80 ஆம் வயதில் இவ்வுலகை நீத்தார்.

நம் நாட்டிற்கும் அவர் அயலாரல்லர். யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குப் புதிய கட்டடம் எழுப்ப எண்ணியபோது அவருடைய ஆலோசனை பெறப்பட்டது. 1954 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1959 இல் திறக்கப்பெற்ற அந்நூலகம், 1981 சூன் மாதத் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றோடு கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அக்கொடுமையைக் காணாமலே அவர் மறைந்தார். மீளக் கட்டப்பெற்று 2003 இல் அது மறுபடியும் வாசகருக்குத் திறக்கப்பட்டது. வளரும் உயிர் என்று அவர் சொன்னதன் பொருளை அழிவும் மீட்சியும் நமக்கு வேறு வகையில் உணர்த்தின.

இனி நம்மைப் பற்றிச் சிறிது கூறுவோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை மலைகளிலே லயன் அறையிற் பிறந்த பிள்ளைக்குக் காய்ச்சல் ஏன் வருகின்றது, நட்சத்திரம் ஏன் மின்னுகின்றது என்னும் வினாக்கள் எழாமலில்லை. அவற்றிற்கு விடை கூறும் நூல்களும் தமிழில் இல்லாமலில்லை. இல்லாதது இரண்டிற்கும் இடையிலுள்ள வழியே. அவ்வழியை அமைப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மாட்டுவண்டியொன்று போதும் என மன்னார்குடி காட்டியது. விழா நினைவாகக் கல்லூரிக்கு நன்கொடை வழங்க எண்ணும் பழைய மாணவர், அலுமாரி நிறைய நூல் வாங்கி அதனைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் தொங்கவிட்டுச் செல்லாதிருத்தல் வேண்டும். மாலைதோறும் அவ்வலுமாரியைத் திறந்து வைத்து, தயங்கி நிற்கும் பிள்ளையிடம் என்ன வேண்டுமென்று கேட்பதற்கு ஒருவரை அமர்த்தவும் உதவுவாராயின், அதுவே அரங்கநாதன் என்னும் பெரியாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.