கூட்டம் ஓடியது, நரேன் ஓடவில்லை



சுவாமி விவேகானந்தர் படம் நம்மில் பல பேர் வீட்டில் இருக்கும். தலைப்பாகையோடு, கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்க்கும் படம். சிகாகோவில் பேசினார், உலகமே வியந்தது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நான் இங்கே எழுத வந்தது அவர் சுவாமிஜி ஆவதற்கு முந்திய கதை. கொல்கத்தாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சிலம்பமும் குஸ்தியும் பழகிக்கொண்டிருந்த நரேன் என்ற பையனின் கதை.

இதை எழுத ஒரு காரணம் இருக்கு. நான் செங்காங்கில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லித் தருகிறேன். தேர்வுக் காலம் வந்தாலே சில பெற்றோர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள். பி.இ. நேரத்தில் பிள்ளையை உட்கார வைத்து நாலு கணக்குப் போட வைக்க முடியாதா என்று. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. துணைப்பாடத்துக்குச் செலவு செய்து, இராத்திரி பத்து மணி வரை பிள்ளையோடு உட்காருகிறவர்கள் அவர்கள். ஆனால் பி.இ. என்றால் வேர்வை, அவ்வளவுதான் என்ற எண்ணம் நம்ம வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு நரேனின் வாழ்க்கையே பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பள்ளிகளில் இப்போது சமூக, உணர்வுசார் கற்றல் என்று ஒன்றைச் சொல்கிறோம். பெயர்தான் பெரிசு, விஷயம் எளிது. தன்னை அறிவது, தன்னை அடக்கி ஆள்வது, அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வது, உறவைக் காப்பது, பொறுப்போடு முடிவெடுப்பது. இந்த ஐந்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்க.

நரேந்திரநாத் தத்தா 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்தார். அப்பா விசுவநாத தத்தர் உயர்நீதிமன்ற வழக்கறிஞர். அம்மா புவனேசுவரி தேவி. வசதியான வீடு. ஆனால் பையன் சாதாரணப் பையன் இல்லை, மகா கோபக்காரன்! கோபம் வந்தால் கையில் கிடைத்த பொருளெல்லாம் உடையும். அம்மா என்ன செய்வார் தெரியுமா? சிவ நாமத்தைச் சொல்லிக்கொண்டே தலையில் ஒரு குடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவார். பையன் அடங்கிவிடுவான். கோபப்படும் பிள்ளையை அடித்துத் திருத்த அந்த அம்மா நினைக்கவில்லை. உடம்பு தணிந்தால் மனசும் தணியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கோபம் பிறகு எங்கே போயிற்று? விளையாட்டுக்குள் போயிற்று. 1871இல் நரேன் வித்யாசாகரின் மெட்ரோபாலிட்டன் பள்ளியில் சேர்ந்தான். வீட்டு முற்றத்தில் நண்பர்களைச் சேர்த்து ஒரு சின்ன உடற்பயிற்சிக் கூடமே நடத்தினான். உறவுக்காரப் பையன் ஒருவனுக்குக் கை முறிந்தது, பெரியவர்கள் அதை மூடிவிட்டார்கள். நரேன் சும்மா இருப்பானா? கூட்டாளிகளோடு பக்கத்திலிருந்த நவகோபால் மித்ராவின் உடற்பயிற்சிக் கூடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். 1867இல் இந்து மேளாவைத் தொடங்கியவர் இந்த நவகோபால். நம்ம பிள்ளைகள் உடம்பிலும் மனசிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று உழைத்தவர். அங்கேதான் நரேன் சிலம்பம், குஸ்தி, குத்துச்சண்டை எல்லாம் பழகினான். படகும் ஓட்டுவான்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த சம்பவம் அங்கேதான் நடந்தது.

ஒருநாள் பையன்கள் ஒரு பெரிய டிரபீஸ் கம்பத்தைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். சர்க்கஸில் தொங்கி ஆடுவார்களே, அந்த ஊஞ்சல்தான். கம்பம் கனம், பையன்களால் முடியவில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் மாலுமி. நல்ல ஆஜானுபாகு. நரேன் நேரே போய் அவரிடம் உதவி கேட்டான். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம் ஒரு வங்காளிப் பையன் போய்க் கேட்பது சின்ன விஷயம் இல்லை. அவரும் சந்தோஷமாக வந்து கை கொடுத்தார்.

கம்பம் பாதி எழுந்தது. பிடி நழுவி மேலிருந்து விழுந்தது. மாலுமிக்குத் தலையில் அடி, இரத்தம். அவர் நினைவில்லாமல் கிடந்தார்.

செத்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். போலீஸ் வரும், வழக்கு வரும். கூட்டம் ஓடியது, நண்பர்களிலும் பல பேர் ஓடினார்கள். நரேன் ஓடவில்லை. ஒன்றிரண்டு பேர் அவனோடு நின்றார்கள். கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக் காயத்தில் கட்டினான். முகத்தில் தண்ணீர் தெளித்தான், விசிறினான். நினைவு வந்ததும் அவரைத் தூக்கிப் பக்கத்துப் பள்ளிக் கட்டடத்தில் படுக்க வைத்தார்கள். வைத்தியரை வரவழைத்தார்கள். ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டான் நரேன். அவர் குணமாகிக் கிளம்பும்போது நண்பர்களிடம் காசு திரட்டி அவர் கையில் கொடுத்து அனுப்பினான்.

இந்தக் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். பி.இ. ஆசிரியர் கண்ணால் பார்க்கும்போது இதில் ஒன்று தெரிகிறது. கம்பத்தைத் தூக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு நிறையப் பேர் இருந்தார்கள், தசை பலத்துக்குக் குறைவே இல்லை. விழுந்தவர் பக்கத்தில் உட்காரும் பலம் ஒன்றிரண்டு பேரிடம்தான் இருந்தது.

என் வகுப்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். கேப்டன்ஸ் பால் ஆட்டத்தில் ஒரு பிள்ளை முட்டி தேய விழுகிறது. ஒருத்தன் சிரிப்பான். ஒருத்தன் நான் தள்ளவில்லை சார் என்று முந்திக்கொள்வான். ஒருத்தி என்னைக் கூப்பிட ஓடிவருவாள். எப்போதாவது ஒரு பிள்ளை, ஆட்டத்தை விட்டுவிட்டு, விழுந்த பிள்ளை பக்கத்தில் குந்தி உட்காரும். கணக்குப் பாடத்தில் இதை நான் பார்க்க முடியாது, அங்கே யாரும் விழுவதில்லை. திடலில்தான் தோல்வியும் கோபமும் பயமும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரும். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்காக, முதலில் வந்தவன் திரும்பிப் போய்க் கூடவே ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை. ஆனால் அதைப் பழக ஓர் இடம் வேண்டும், இல்லையா?

நரேன் பழகியது வீண் போகவில்லை. 1881இல் இராமகிருஷ்ண பரமஹம்சரைச் சந்தித்தார். 1884இல் அப்பா இறந்தார். வசதியான குடும்பம் ஒரே நாளில் கடனில் விழுந்தது. வேலை தேடி வெயிலில் அலைந்தார், பட்டினியும் கிடந்தார். 1886இல் குருவும் மறைந்தார். அதன் பிறகு நாடு முழுக்க நடந்தார். 1892 டிசம்பரில் கன்னியாகுமரி. 1893 மே 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். வழியில் நம்ம சிங்கப்பூருக்கும் வந்தார்! பூமலையின் பனை வகைகளையும் அரும்பொருளகத்தையும் பார்த்தார். சென்னையில் மாம்பழம் மாதிரி இங்கே மங்குஸ்தீன் மலிந்து கிடப்பதையும் சென்னைச் சீடர்களுக்குக் கடிதத்தில் எழுதினார். செப்டம்பரில் சிகாகோ.

1897இல் திரும்பி வந்தபோது சென்னையில் இளைஞர்களிடம் கால்பந்தைப் பற்றிப் பேசினார். உடம்பில் வலு ஏறினால் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்பது அவர் கருத்து. சில பேர் இதைத் தசையைக் கூட்டச் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இப்படிப் பார்க்கிறேன். கீதை தொடங்குவதே ஒரு களத்தில்தான். அர்ச்சுனனுக்கு உடம்பு நடுங்குகிறது, வில் நழுவுகிறது, உட்கார்ந்துவிடுகிறான். ஆட்டத்தில் கை நடுங்கிப் பந்தைத் தவறவிட்டு, நண்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற பிள்ளைக்கு அந்த இடம் சட்டென்று விளங்கும்.

1898இல் கொல்கத்தாவில் பிளேக் பரவியது. பயத்தில் ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். டார்ஜிலிங்கில் ஓய்வில் இருந்த சுவாமிஜி கொல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். நிவாரணத்துக்குப் பணம் போதாவிட்டால் மடத்துக்குப் புதிதாக வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்று துணிந்தார். அந்த நிலை வரவில்லை. கவனிச்சீங்களா? மறுபடியும் ஊர் ஓடுகிறது, அவர் ஓடவில்லை. சின்ன வயதில் திடலில் பழகியதை பெரிய வயதில் ஊருக்கே செய்தார். அப்போது அவர் உடம்பு நல்ல நிலையில் இல்லை. ஆஸ்துமாவும் நீரிழிவும் அவரை வாட்டின. 1902 ஜூலை 4ஆம் தேதி மறைந்தபோது வயது 39தான். குஸ்தி பழகிய உடம்பு போய்விட்டது. அங்கே பழகிய குணம் கடைசி வரை நின்றது.

அவர் 1897இல் தொடங்கிய இராமகிருஷ்ணா மிஷன் 1928இல் சிங்கப்பூருக்கு வந்தது. தேக்கா பக்கம் நோரிஸ் ரோட்டில் நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. இன்றும் பார்ட்லி ரோட்டில் தொண்டு செய்கிறது. கோவைக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ணா மிஷன் வித்யாலயத்தில் உடற்கல்விக்கென்றே ஒரு கல்லூரி உண்டு. அதற்குப் பெயர் மாருதி. அனுமனுக்குப் பலமும் உண்டு, பணிவும் உண்டு. பெயர் வைத்தவர்களுக்கு உடற்கல்வி எதற்கென்று தெரிந்திருக்கிறது.

கடைசியாக, நம்ம இளையர் பிரிவுக்கு மூன்று யோசனை.

ஒன்று, முகாமில் விளையாட்டு வைக்கும்போது இரண்டு தலைவர்கள் ஆள் பொறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். கடைசியில் யாரும் கூப்பிடாமல் நிற்கிற தம்பிக்கு அது எவ்வளவு வலிக்கும்? சீட்டுக் குலுக்கி அணி பிரிப்போம். தலைமையும் முறை வைத்து மாறட்டும்.

இரண்டு, ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் வட்டமாக உட்காருவோம். யார் ஜெயித்தது என்று பேச வேண்டாம். யாருக்குக் கோபம் வந்தது, அதை எப்படி அடக்கினான், யார் யாருக்குக் கை கொடுத்தார்கள் என்று பேசுவோம்.

மூன்று, வீட்டில் அம்மா அப்பாவிடம் நீங்களே பேசுங்க. தேர்வு நேரத்திலும் வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் செங்காங் ரிவர்சைடு பூங்காவில் ஓடிவிட்டு வர அனுமதி கேளுங்க. தனியாகப் போகாதீங்க. ஓட வராத ஒரு நண்பனையும் கூட்டிக்கொண்டு போங்க. அவன் மெதுவாகத்தான் வருவான். நீங்களும் அவனோடு மெதுவாகவே ஓடுங்க.