பூ விழுந்த கண்ணைத் திறந்த டாக்டர்

திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டி உண்டு. தோலில் உள்ள மயிர் கழல்வதற்காக அதில் ஊறப் போடுவார்கள். அந்தச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்து வெளுத்துவிடும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். (சுண்ணாம்பு பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

இதே சுண்ணாம்பினால் இரு கண்களையும் இழந்த ஒரு கூலித் தொழிலாளி, 1905-ம் ஆண்டில் டாக்டர் எட்வர்டு ஸிர்மிடம் வந்தார்.

ஸிர்ம் 1863-ல் வியன்னா நகரில் பிறந்தவர். அங்கேயே வைத்தியம் படித்தார். பிறகு ஓலோமோட்ஸ் ஆஸ்பத்திரியில் கண் டாக்டரானார். இன்று அந்த ஊர் செக் நாட்டில் இருக்கிறது.

அதற்கு முன்பும் டாக்டர்கள் முயன்றதுண்டு. பன்றி, முயல் ஆகியவற்றின் கருவிழியை வைத்துப் பார்த்தார்கள். அவை மங்கிப்போயின. ஜெர்மன் டாக்டர் வான் ஹிப்பல், கருவிழியின் மேல் அடுக்கை மட்டும் வட்டமாக வெட்டி மாற்றினார். வெட்டுவதற்கு அவர் ஒரு கருவியும் செய்தார். ஸிர்ம் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டார், வழியை மாற்றினார். மனிதக் கருவிழியையே, முழு ஆழத்துக்கும் வெட்டி வைப்பது என்று துணிந்தார்.

யார் கண் தருவார்கள்? அப்போது 11 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். கண்ணில் இரும்புத் துண்டு பாய்ந்திருந்தது. அந்தக் கண்ணைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் கருவிழி தெளிவாக இருந்தது! டிசம்பர் 7-ந் தேதி அதிலிருந்து இரண்டு வட்டங்களை எடுத்து, தொழிலாளியின் இரு கண்களிலும் ஸிர்ம் பொருத்தினார். மயிரிழை போன்ற தையல் நூல் அன்று கிடையாது. குறுக்கே நூல் ஓட்டித்தான் அதை நிறுத்திவைத்தார்.

ஒரு கண்ணில் ஒட்டவில்லை. மற்றொன்று தெளிந்தது. தொழிலாளி மறுபடி வேலைக்குப் போனார்!

எல்லா நோயாளிக்கும் இப்படி ஒரு சிறுவன் வருவானா? 1930-களில் ரஷ்ய டாக்டர் பிலாட்டோவ், இறந்தவர் கண்ணே போதும் என்று காட்டினார். ஸிர்ம் 1944-ல் காலமானார். அடுத்த ஆண்டு சென்னை எழும்பூரில் டாக்டர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார்.

பூ ஆழமாக இறங்கியிருந்தால் இன்றும் ஸிர்ம் வழிதான். சுற்றிலும் 16 தையல் போடுவதுண்டு. மேலோடு நின்றிருந்தால் வான் ஹிப்பல் நினைத்தபடி மேல் அடுக்கை மட்டும் மாற்றுகிறார்கள். உள் அடுக்கு மட்டும் கெட்டிருந்தால், புது அடுக்கைக் காற்றுக் குமிழியால் அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். அந்த அடுக்குக்குத் தையலே இல்லை. நோயாளி சில மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும்.