தமிழ் டைப்ரைட்டரின் தந்தை ஆர். முத்தையா: 247 எழுத்துகளை ஒரு விசைப்பலகைக்குள் அடக்கியது எப்படி?

செமோர், சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான் என ஈப்போவைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தகரப் பெட்டி, தையல் மெஷின், சாமி படம் என்று கையில் கிடைத்ததை எடுத்து வந்தன. கிராணி வேலை பார்த்தவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சங்கச் செயலாளர் இருந்த வீடென்றால் அதில் ஒரு டைப்ரைட்டரும் இருந்திருக்கக்கூடும்.

அந்த டைப்ரைட்டரில் தமிழ் எழுத்துகள் இருந்தால், அது சாதாரண பழைய இரும்பு அல்ல. மலாயாவுக்கு வேலை தேடி வந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் உழைப்பு அதில் இருக்கிறது. அவர் பெயர் ஆர். முத்தையா.

யார் இந்த முத்தையா?

யாழ்ப்பாணத்தின் சுண்டிக்குளியில் 1886 பிப்ரவரி 24 அன்று முத்தையா பிறந்தார். 1907இல், 21 வயதில், மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்.

அது ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். காடுகளை அழித்துத் தோட்டங்கள் போட்டார்கள், ரயில் பாதைகள் நீண்டன. பால்மரம் வெட்ட தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். கணக்கு எழுதவும், கடிதம் எழுதவும், ரயில் நிலையங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆங்கிலம் படித்த ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் யாழ்ப்பாண இளைஞர்கள் நிறையப் பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

முத்தையாவும் முதலில் ரயில்வேயில்தான் சேர்ந்தார். பிறகு ஐல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்ற நிறுவனத்துக்கு மாறி, தலைமை எழுத்தராக உயர்ந்து, 1930 வரை அங்கே வேலை பார்த்தார். அலுவலக மேசையில் தினமும் அவர் கண்ணில் பட்டது ஆங்கில டைப்ரைட்டர். இதே வேலையை ஏன் தமிழில் செய்ய முடியவில்லை என்ற கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அதில் என்ன சிக்கல்?

கணக்கு எளிது. ஒரு சாதாரண டைப்ரைட்டரில் 42 முதல் 46 வரை எழுத்து விசைகள் இருக்கும். ஒவ்வொரு விசையிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு வடிவங்கள். ஆக மொத்தம் சுமார் 90 இடங்கள்தான். எண்கள், காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றுக்கும் அதிலேயே இடம் வேணும்.

தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். இதைத் தவிர ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும் வேண்டும்.

கொம்பு, கால் போன்றவற்றைத் தனியாக அடித்துவிடலாம். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என மூன்று தட்டு. ஆனால் புள்ளி எங்கே போகும்? அது எழுத்தின் தலைக்கு மேல் உட்கார வேண்டும். டைப்ரைட்டரில் ஒரு விசையைத் தட்டினால் தாளைத் தாங்கும் கேரேஜ் ஓர் இடம் நகர்ந்துவிடும். பிறகு வைக்கும் புள்ளி அடுத்த இடத்தில்தான் விழும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் நகரா விசை. இதைத் தட்டினால் தாளில் குறி விழும், ஆனால் கேரேஜ் நகராது. அதனால் தமிழ் டைப்ரைட்டரில் முதலில் புள்ளியை வைத்துவிட்டு, அதே இடத்தில் எழுத்தை அடிக்கிறோம். கையால் எழுதும் வரிசைக்கு இது நேர் எதிர். ஆனால் பழகிவிட்டால் விரல் யோசிக்காது.

உகர எழுத்துகள் இன்னொரு தலைவலி. கு, மு, டு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். தமிழ் விசைப்பலகையில் 'க' இருக்கும் விசையின் மேல் இடத்தில் 'கு', 'ம'வின் மேல் 'மு', 'ட'வின் மேல் 'டு' என்று வைத்தார்கள். தேடவே வேண்டாம். அடிக்கடி வரும் க, ன, த, ம, ப, ட போன்றவை விரல்கள் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் உள்ளன. தட்டச்சுப் பள்ளிக்குப் போனவர்களைக் கேளுங்கள், 'யளனக' என்று உடனே சொல்வார்கள்.

ஜெர்மனியில் செய்த தமிழ் இயந்திரம்

இயந்திரத்தைத் தயாரித்துக் கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அண்ட் நௌமான் நிறுவனம். ஐடியல் என்ற பெரிய மேசை இயந்திரமும், எரிகா என்ற கையடக்க இயந்திரமும் அவர்களுடைய புகழ்பெற்ற தயாரிப்புகள். வெளிநாடுகளில் எரிகா, பிஜோ என்ற பெயரிலும் விற்கப்பட்டது. முத்தையாவின் தமிழ் எழுத்துகள் இந்த வகை இயந்திரங்களில் ஏறின.

1945 பிப்ரவரியில் நடந்த குண்டுவீச்சில் டிரெஸ்டனின் பெரும்பகுதி அழிந்தது. போருக்குப் பின் அந்த நகரம் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. எரிகா என்ற பெயர் மட்டும் தொடர்ந்தது. தமிழ் எரிகாவும் மறுபடி வந்தது.

1956இல் தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததும், அரசு அலுவலகங்களுக்குத் தமிழ் டைப்ரைட்டர் அவசியமானது. பின்னாளில் ரெமிங்டன், கோத்ரெஜ் போன்ற பெயர்களிலும் தமிழ் இயந்திரங்கள் வந்தன. முத்தையாவின் விசை அமைப்பு சில மாற்றங்களோடு நிலைத்துவிட்டது.

இப்போது இதைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

கோத்ரெஜ் தன் டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்தியே பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி புதிய தமிழ் டைப்ரைட்டர் வரப்போவதில்லை. இருப்பவையும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு விசைப்பலகை காலப்போக்கில் எப்படி மாறியது, எந்த எழுத்து எப்போது இடம் பிடித்தது என்பதற்கு இயந்திரம்தான் நேரடிச் சாட்சி. இயந்திரம் உருகிப் போனால் அந்தச் சாட்சியும் போச்சு.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், விற்பதற்கு முன் இவற்றைச் செய்யலாம்:

முதலில் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் இயந்திரத்தின் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்களோடு ஒப்பிட்டால், தயாரித்த ஆண்டு ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

அடுத்து, விசைப்பலகையை நேர் மேலிருந்து படம் எடுங்கள். றா, னை போன்ற எழுத்துகளுக்குப் பழைய வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். பழைய வடிவம் இருந்தால், அந்த எழுத்து அமைப்பு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் எல்லா விசைகளையும், கீழும் மேலும், ஒருமுறை அடித்து வையுங்கள். எந்த விசைக்கு கேரேஜ் நகரவில்லை என்பதையும் எழுதுங்கள். விற்ற கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் கிழிக்காதீர்கள். துருவைப் போக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பெயரும் எண்ணும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாக, யார் வைத்திருந்தார், அதில் என்ன அடித்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கோயில் நோட்டீசா, சங்கத் தீர்மானமா, கல்யாணப் பத்திரிகையின் நகலா? இந்தத் தகவல் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

கணினிக்கு வந்த வழி

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்99 என்ற புதிய விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. ஆனாலும் பழைய அமைப்பை யாராலும் தள்ளிவிட முடியவில்லை. டைப்ரைட்டரில் பழகிய கைகள் அவ்வளவு இருந்தன. அதனால்தான் தமிழ் எழுதும் மென்பொருள்கள் பலவற்றில், புதியவற்றுக்குப் பக்கத்தில், தட்டச்சு முறை என்ற ஒரு தேர்வு இன்றைக்கும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து இடது கையை நடு வரிசையில் வைத்தால், விரல்களுக்குக் கீழே வருவது அதே ய, ள, ன, க.