1829 செட் பசங்க

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், யாராவது பெரிய மனிதரின் வாழ்க்கையாக இருந்தால் இப்போது படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். விஸ்வேஸ்வரய்யாவையும் அப்துல் கலாமையும் சீனியர்கள் முன்பே துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு அமெரிக்க டாக்டர். மெக்கானிக்கல் படித்தவனுக்கு டாக்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அனஸ்தீசியா கொடுத்தாச்சு என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். வேறு வேலை இல்லாததால், இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று செல்போனில் தேடினேன். 1846-ல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் ஆவியைச் சுவாசிக்க வைத்தால் நோயாளிக்கு வலி தெரியாது என்று பெரிய டாக்டர்கள் முன்னால் நிரூபித்துக் காட்டினார். அந்த நிலைக்கு இப்படிப் பெயர் வைக்கலாம் என்று கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்து அவருக்குக் கடிதம் எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். (ஷெர்லாக் இல்லை. அவர் கதையில் வருபவர், இவர் நிஜம்.) அன்று பிடித்த ஆள், இன்னும் என்னை விடவில்லை.

ஹோம்ஸ் 1809-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். ஹார்வர்டு கல்லூரியில் 1829-ல் பட்டம். பிறகு ஒரு வருடம் சட்டம் படித்துப் பார்த்தார், ஒட்டவில்லை. அந்த நேரத்தில்தான், 1830-ல், பழைய போர்க் கப்பல் ஒன்றை உடைத்துப் போடப் போகிறார்கள் என்ற செய்தியைப் பேப்பரில் பார்த்துக் கோபத்தில் ஒரு கவிதை எழுதினார். ஊர் ஊராக அந்தக் கவிதை பரவி, கப்பல் தப்பித்தது. இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது. இருபத்தொரு வயதுப் பையனுக்கு இது போதாதா? ஆனால் அவர் மருத்துவம் படிக்கப் பாரிசுக்குப் போனார். 1836-ல் டாக்டர். 1847-லிருந்து 1882 வரை ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் உடற்கூறியல் பேராசிரியர்.

அவர் செய்த பெரிய காரியம் 1843-ல் வந்த ஒரு கட்டுரை. அந்தக் காலத்தில் குழந்தை பெற்ற பெண்கள் ஜன்னி கண்டு சாவது சர்வ சாதாரணம். அந்த நோயை ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குச் சுமந்து போவது டாக்டர்களும் மருத்துவச்சிகளும்தான் என்று ஒவ்வொரு கேஸாக எடுத்து அடுக்கினார். கை கழுவு, உடை மாற்று, தொடர்ந்து நோய் வந்தால் சில காலம் பிரசவம் பார்ப்பதையே நிறுத்து என்றார். பிலடெல்பியாவின் மூத்த பேராசிரியர்கள் கொதித்துப் போனார்கள். ஹோம்ஸ் பின்வாங்கவில்லை, 1855-ல் அதே கட்டுரையை மறுபடியும் அச்சிட்டார். நம்மில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சண்டை புரியும். பழுது மெஷினில் இல்லை, உங்கள் கையில்தான் என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள்!

கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான ஸ்டீரியோஸ்கோப்புக்கு டிசைன் போட்டவரும் இவர்தான். காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அட்லாண்டிக் மாத இதழுக்குப் பெயர் சூட்டி, 1857 முதல் அதில் எழுதிய காலை உணவு மேசைக் கட்டுரைகளால் நாடெங்கும் புகழ் பெற்றார். உள்நாட்டுப் போரில் அவருடைய மகனுக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது என்று தந்தி வந்து, நாள் கணக்கில் தேடி அலைந்து, கடைசியில் ஹாரிஸ்பர்க்கில் ஒரு ரயில் பெட்டியில் கண்டுபிடித்தார். அந்த மகன் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. இதை எல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். நான் சொல்ல வந்தது வேறு.

ஹோம்ஸின் 1829 செட், படிப்பு முடிந்த பிறகும் விடாமல் கூடியது. குளிர்காலத்தில் பாஸ்டனில் ஒரு விருந்து. 1851-ல், தன் நாற்பத்தோராம் வயதில், அந்த விருந்துக்கென்று ஒரு பாட்டு எழுதிப் போனார். அடுத்த ஆண்டும் எழுதினார். 1889 வரை, கிட்டத்தட்ட நாற்பது வருடம், விருந்துக்கு விருந்து ஏதாவது எழுதிக்கொண்டு போனார். உலகத்துக்காக எழுதியது அல்ல, வகுப்புத் தோழர்களுக்காக எழுதியது.

அந்தச் செட்டில் யார் யார் தெரியுமா? பெஞ்சமின் பியர்ஸ், அந்தக் கால அமெரிக்காவின் முதல் வரிசைக் கணித மேதை. பெஞ்சமின் கர்டிஸ், 1857-ல் கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது மறுத்துத் தீர்ப்பு எழுதி, அதே வருடம் பதவியை விட்டு விலகியவர். ஜார்ஜ் பிகிலோ, மாநிலத் தலைமை நீதிபதி. சாமுவேல் ஸ்மித், அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடும் தேசபக்திப் பாட்டை 1831-ல் எழுதியவர். சாமுவேல் மே, அடிமை ஒழிப்புச் சங்கத்துக்காக முழு நேரமும் உழைத்தவர்.

1859-ல், முப்பதாவது வருட விருந்தில் ஹோம்ஸ் வாசித்த கவிதையின் பெயரையே தமிழில் சொன்னால் 'பசங்க'. எல்லோருக்கும் ஐம்பது வயது. தலை நரைத்தாயிற்று. நீதிபதி, சட்டசபை சபாநாயகர் என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வதெல்லாம் சும்மா கிண்டலுக்குத்தான், உள்ளே இருப்பது அதே பையன்கள் என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து வைத்துக் கலாய்க்கிறார். ஸ்மித்துக்கு ஊரெல்லாம் இருக்கிற பெயராக அமைந்ததைக் கூட விடவில்லை. போன முறை நாம் கூடியபோது, ஒரு கம்பெனியின் பொது மேலாளரை, "டேய் முட்டை!" என்று மெஸ் வாசலில் கூப்பிட்டார்களே, அதே சங்கதி. கூப்பிட்டவர் அவர் கம்பெனிக்கு சப்ளையர் என்பது உபரித் தகவல்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் மலருக்கு அழகான கட்டுரை. எனக்கும் வேலை மிச்சம்.

ஆனால் 1851-ல் முதல் பாட்டு வாசித்த அதே குளிர்காலத்தில் இன்னொன்று நடந்தது. ஹோம்ஸ் அப்போது மருத்துவப் பள்ளியின் டீன். 1850 நவம்பரில் மூன்று கறுப்பின மாணவர்களை வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள்: மார்ட்டின் டிலானி, டேனியல் லெயிங், ஐசக் ஸ்னோடன். ஹாரியட் ஹன்ட் என்ற பெண்ணுக்கும் இடம் கொடுத்தார்கள். மாணவர்களில் ஒரு கூட்டம் எதிர்த்து மனு கொடுத்தது. இவர்கள் இருக்கட்டும் என்று மனு கொடுத்த மாணவர்களும் உண்டு. ஹன்ட் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த மூவரும் இந்தப் பருவத்தை முடித்துக்கொண்டு போகலாம், அடுத்த பருவத்துக்கு வரக்கூடாது என்று ஆசிரியர் குழு முடிவு செய்தது. டிலானி பின்னாளில் எழுத்தாளராகி, 1865-ல் அமெரிக்க ராணுவத்தில் மேஜர் ஆனார். ஹார்வர்டு பட்டம் மட்டும் வரவில்லை.

கை கழுவாத பெரிய பேராசிரியர்களை எதிர்த்து நின்ற மனிதர், மனு கொடுத்த மாணவர்கள் முன்னால் நிற்கவில்லை. நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தன் செட் பசங்களுக்கு உயிரை விடுவார். யார் நம்ம செட் என்ற கோட்டை எங்கே போடுவது என்று வந்தபோது, கோடு போட்டவர்கள் பக்கம் இருந்துவிட்டார்.

இதை நான் படித்தது போன மாதம் ஒரு இரவு. அன்று மாலைதான் இந்த மலருக்காக எங்கள் 2010 செட் முகவரிப் பட்டியலை முடித்து அனுப்பியிருந்தேன். பட்டம் வாங்கியவர்களின் பதிவை வைத்துத் தயாரித்த பட்டியல். மூன்றாவது செமஸ்டரில் படிப்பை விட்டுப் போன என் ஹாஸ்டல் அறைத் தோழன் அதில் இல்லை. அவனையும் சேர்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். டிகிரி முடிச்சவங்க மட்டும்னு வச்சுக்கிட்டா குழப்பம் இருக்காது என்று பதில் போட்டவன் நான். அவனை யாரும் துரத்தவில்லை, அப்பா இறந்துபோய் வீட்டில் பணம் இல்லை, அவ்வளவுதான். ஹார்வர்டு கதையும் இதுவும் ஒன்றில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் வருடம் என்ஜினியரிங் டிராயிங்கில் எனக்கு ஐசோமெட்ரிக் வியூ புரிய வைத்தவன் அவன். சோப்புக் கட்டியை பிளேடால் வெட்டி வெட்டிக் காட்டுவான். அந்தப் பேப்பரில் நான் பாஸானது அவனால்தான்.

ஹோம்ஸின் செட் மெல்ல மெல்லக் கரைந்தது. 1874-ல் கர்டிஸ், 1878-ல் பிகிலோ, 1880-ல் பியர்ஸ். 1888-ல் மனைவி இறந்தார், அதே வருடம் நெருங்கிய வகுப்புத் தோழர் ஜேம்ஸ் கிளார்க்கும் போனார். 1889-ல் வாசித்த கவிதை, விளக்கணைக்கும் மணி அடித்துவிட்டது, எழுந்து போவோம் என்ற தொனியில் அமைந்தது. அதற்குப் பிறகு விருந்துக் கவிதை இல்லை. 1894 அக்டோபர் 7 அன்று பாஸ்டன் வீட்டில் ஹோம்ஸ் இறந்தார். வயது 85. ஸ்மித் அடுத்த வருடம். மே 1899 வரை இருந்தார்.

நான் மறுநாள் காலையில் நம்பர் தேடிப் பிடித்து அவனுக்குப் போன் போட்டேன். கம்ப்ரசர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். என் குரலை முதலில் கண்டுபிடிக்கவில்லை; சோப்புக் கட்டி என்றதும் சிரித்தான். கடையில் ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமைன்னா பார்க்கிறேன் என்றான். வருவானா தெரியவில்லை.

பின்பக்கம் உள்ள 2010 இயந்திரவியல் முகவரிப் பட்டியலில் 37-வது பெயருக்கு எதிரே பட்டம் என்ற கட்டம் காலியாக இருக்கும். அச்சுப்பிழை அல்ல.