கடல்நீரில் மருந்து கண்ட பேராசிரியர்

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கை நாம் அனைவரும் அறிவோம். அவரைப் போன்றே மனித குலத்துக்கு அருமருந்தொன்று கிடைக்க வழிசெய்தவர் இத்தாலிய அறிஞர் ஜுசெப்பே புரொட்சு. அவரது வாழ்க்கையை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

மத்தியதரைக் கடலிலுள்ள சார்டீனியாத் தீவில், கிலார்சா என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு அவர் பிறந்தார். மருத்துவம் பயின்று, கலியாரிப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியற் பேராசிரியரானார். தம் தீவு மக்களை வாட்டிய மலேரியா முதலிய நோய்களை ஆராய்ந்தார்.

1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சினாற் கலியாரி நகரம் சிதைவுற்றது. நெருப்புக்காய்ச்சலும் மக்களை வருத்தியது. ஆயினும், நகரின் கழிவுநீர் கலக்கும் கடலில் நீந்திய இளைஞர்கள் அந்நோய்க்கு ஆளாகாதிருப்பதைப் புரொட்சு கண்டு வியந்தார். கிருமிகளை அழிக்கும் ஏதோவொன்று அந்நீரில் இருத்தல் வேண்டும் என ஊகித்தார். 1945இல் அக்கடல்நீரிலிருந்து செபலோஸ்போரியம் என்னும் பங்கசைப் பிரித்தெடுத்தார். அது சுரக்கும் பொருள் பலவகைப் பக்ரீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்தது. அதன் சாற்றை நோயாளருக்கு அளித்தும் நற்பயன் கண்டார்.

எனினும், அம்மருந்தைத் தூய்மையாக்கும் கருவிகளோ பொருள்வளமோ அவரிடம் இருக்கவில்லை. தாய்நாட்டிலும் போதிய ஆதரவு கிட்டவில்லை. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. தம் கண்டுபிடிப்பை மறைத்து வைக்கவுமில்லை. 1948இல் முடிவுகளைச் சிறு வெளியீடொன்றில் பதிப்பித்து, அப்பங்கசை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கு எட்வர்ட் ஏபிரகாம், கை நியூட்டன் ஆகியோர் 1953இல் 'செபலோஸ்போரின் சி' என்னும் பொருளைப் பிரித்தறிந்தனர். பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தையும் அது தாங்கி நின்றது. 1964இல் இவ்வகையின் முதல் மருந்து பாவனைக்கு வந்தது. இன்று சத்திரசிகிச்சைக்கு முன் கிருமித்தொற்றைத் தடுக்கவும், நியுமோனியா போன்ற நோய்களைக் குணப்படுத்தவும் இவை உலகெங்கும் வழங்கப்படுகின்றன.

பிற்காலத்திற் புரொட்சு சார்டீனியப் பிராந்தியத்தின் தலைவராகவும், கலியாரி நகர மேயராகவும் பணியாற்றி, 1976இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். அந்நகரின் பெரிய மருத்துவமனையொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவச் செல்வங்களே! எல்லோரும் அருவருத்து ஒதுங்கிய கழிவுநீர்க் கரையிலே அவர் ஒரு வினாவைக் கண்டார். விடையின் முழுமையைத் தம்மால் எட்ட இயலாதபோது, இயன்றவரிடம் அதனை ஒப்படைத்தார். கூர்ந்து நோக்கும் கண்ணும், கண்டதைப் பகிரும் உள்ளமும் நமக்கும் வாய்க்க வேண்டும்.